நடுவு நின்றோர்

சென்னை மாநகரின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் ஊர்கள் உள்ளன. தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே, ஏரிகளால் வளம் பெற்ற ஊர்கள் இவை. ஏரிக்குக் கரை வேண்டும், மதகு வேண்டும், இவ்விரண்டோடு கலங்கல் என்பதும் வேண்டும். மழை மிகுந்து நீர்மட்டம் உயருங்கால், மிகைநீரை அமைதியாக வெளியே விடுவது கலங்கல். கோடையில் அதனைக் காண்போர், "கரையை இவ்விடத்தில் மட்டும் தாழ்த்திக் கட்டியது ஏன்?" என்று ஐயுறுவர். கார்காலம் வந்ததும் அந்த ஐயம் தீரும். கலங்கல் தூர்ந்த ஏரி, பெருமழை பெய்யும் ஓரிரவில் கரை உடைந்து, தான் காக்க வேண்டிய ஊரையே அழித்துவிடும்.

சட்டமன்றமும் ஒருவகையில் ஏரி போன்றதே. மக்களின் விருப்பும் வெறுப்பும், ஆசையும் அச்சமும் நாற்புறமிருந்தும் ஓடிவந்து அங்கே நிரம்புகின்றன. ஆளுங்கட்சி ஒரு கரை. எதிர்க்கட்சி மறு கரை. சினம் மிகுந்து நீர்மட்டம் உயரும்போது அதனைத் தணிக்கும் கலங்கலாக விளங்குவோர் நடுவு நின்றோர். அரசியல் உலகம் அவர்களை மிதவாதிகள் என்று அழைக்கும். அத்தகையோர் சட்டமன்றங்களில் அருகி வந்த வரலாறு அறியத்தக்கது.

நடுநிலையும் கோழைமையும்

நடுநிலை என்பது இரு பக்கமும் தலையாட்டும் இயல்பு அன்று. திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கென்று தனி அதிகாரமே வகுத்தார். எளிதில் வருவதாயின் அதற்கு ஓர் அதிகாரம் வேண்டியதில்லை. நண்பன் பிழை செய்தால் பிழை என்றும், மாற்றான் நன்மை செய்தால் நன்மை என்றும் சொல்லும் துணிவே நடுநிலை.

வலங்கைமானில் 1869ஆம் ஆண்டு பிறந்த சீனிவாச சாஸ்திரியாரின் வாழ்வு இதற்குச் சான்று. கோகலேயின் வழிநின்ற அவர், ஆங்கில அரசோடு பேசிப் பெற வேண்டியதைப் பேசியே பெறலாம் என்று நம்பிய மிதவாதி. ஆயினும் 1919ஆம் ஆண்டில் ரௌலட் சட்ட முன்வடிவு பேரவைக்கு வந்தபோது, அரசின் நண்பர் எனக் கருதப்பட்ட அவரே எழுந்து அதனை வன்மையாக எதிர்த்துப் பேசினார். அவருடைய குரலில் மென்மை இருந்தது. கருத்தில் தளர்வு இல்லை.

ஆயினும் மிதவாதிகளே எப்பொழுதும் சரியானவர்கள் என்று வரலாறு கூறவில்லை. 1907ஆம் ஆண்டில் சூரத்து நகரில் காங்கிரசு மகாசபை பிளவுற்றபோது, வ. உ. சிதம்பரனாரும் பாரதியாரும் திலகர் பக்கம் நின்றனர். விடுதலை வேட்கை அவர்களால் நாடெங்கும் பரவியது. மனுச் செய்து மட்டும் விடுதலை பெற்றிருக்க இயலாது. ஆதலின் வேகமுடையோரும் நாட்டிற்கு வேண்டும், நிதானமுடையோரும் வேண்டும். தேருக்கு வடம் பிடிப்போர் இன்றியமையாதவர். சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுவோரும் அவ்வாறே. வடம் மட்டும் இருந்து கட்டை இல்லாத தேர், தெருவின் முனையில் திரும்பாது, வீட்டின்மேல் ஏறும்.

ஆவடிப் பந்தல்

1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆவடி ஊர் இந்தியா முழுவதும் பேசப்பட்டது. காங்கிரசு மகாசபையின் அறுபதாவது மாநாடு அங்கே கூடியது. மாநாட்டுத் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டிருந்தனர். தேபர் தலைமை தாங்கினார். பிரதமர் நேரு வந்திருந்தார். முதலமைச்சர் காமராசர் விருந்தோம்பும் மாநிலத்தின் தலைவராய் நின்றார். சோசலிசப் பாணியில் அமைந்த சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்னும் தீர்மானம் அங்கே நிறைவேறிற்று.

அப்பந்தலின் கீழ் அமர்ந்திருந்தோர் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். தொழில் யாவும் அரசின் உடைமையாக வேண்டும் என்போர் இருந்தனர். தனியார் முயற்சியைத் தடுத்தல் தகாது என்போரும் இருந்தனர். கருத்தால் வேறுபட்டோர் ஒரு பந்தலின் கீழ் அமர்ந்து, பேசி, ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்து ஒரு முடிவுக்கு வந்தனர்.

அம்முடிவின் பயனை அப்பகுதியிலேயே காணலாம். 1960களில் ஆவடியில் அரசின் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அதே காலத்தில் அண்டையிலுள்ள அம்பத்தூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது. அங்கே அரசு இடவசதி செய்து தந்தது, சிறு முதலாளிகள் பட்டறை வைத்தனர். ஒருபால் அரசின் பேராலை. மறுபால் தனியாரின் சிறுபட்டறை. இரு கொள்கைகளும் ஒரே இருப்புப் பாதையை ஒட்டி அடுத்தடுத்து வாழ்ந்தன. பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. விட்டுக்கொடுத்தல் என்பது வெறுஞ்சொல் அன்று. அது சோறும் தரும் என்பதற்கு அவ்வூர்கள் சான்றாயின.

பழைய அவையின் இயல்பு

1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்குப் பின் கூடிய சென்னைச் சட்டமன்றத்தில் 375 இடங்கள் இருந்தன. ஆந்திரமும் மலபாரும் அப்போது சென்னை மாநிலத்தோடு இணைந்திருந்தன. காங்கிரசு 152 இடங்களில் வென்றது. பொதுவுடைமைக் கட்சியினர் 62 பேர். எக்கட்சியையும் சாராத சுயேச்சையினரும் 62 பேர். உழைப்பாளர் கட்சி, பொதுநலக் கட்சி போன்ற சிறு கட்சியினரும் பலர் இருந்தனர். எவருக்கும் பெரும்பான்மை இல்லை. ஆட்சி அமைத்த இராசாசி, அவையின் நம்பிக்கையைப் பெறுவதற்குத் தம் கட்சியைச் சாராத பலருடைய ஆதரவை நாட வேண்டியிருந்தது. நடுவில் இருந்தோரின் சொல்லுக்கு மதிப்பு இருந்த காலம் அது.

1954ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானார். கட்சித் தலைமைக்கு அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி. சுப்பிரமணியம், அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். அவ்விருவரையும் காமராசர் ஒதுக்கவில்லை. தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். பொதுநலக் கட்சியின் மாணிக்கவேலரும் உழைப்பாளர் கட்சியின் இராமசாமிப் படையாட்சியாரும் அவருடைய அமைச்சரவையில் இடம் பெற்றனர். அவர் குடியேற்றம் இடைத்தேர்தலில் நின்றபோது, காங்கிரசை எதிர்த்து வந்த திராவிட முன்னேற்றக் கழகம் அவருக்கு ஆதரவளித்தது. போட்டி இருந்தது, பகை இல்லை.

1967ஆம் ஆண்டில் ஆட்சி மாறிற்று; அண்ணா முதலமைச்சரானார். அவ்வாண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள், மாநிலத்திற்குத் 'தமிழ்நாடு' என்று பெயரிடும் தீர்மானம் அவையின்முன் வந்தது. இப்பெயருக்காக உண்ணாநோன்பு இருந்த சங்கரலிங்கனார் 1956ஆம் ஆண்டிலேயே உயிர் நீத்திருந்தார். முன்பு ஆளுங்கட்சியாய் இருந்து இப்பெயரை ஏற்கத் தயங்கிய காங்கிரசார், இப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருந்தனர். அவர்கள் பழைய நிலையையே பற்றிக்கொண்டு எதிர்த்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிற்று. மாநிலத்தின் பெயர் ஒரு கட்சியின் வெற்றிச் சின்னமாகாமல், அனைவருக்கும் உரிய செல்வமாயிற்று.

இடைவெளி குறைந்தமை

இத்தகைய நிலை எவ்வாறு மாறியது? ஒரே நாளில் மாறவில்லை. ஒரே காரணத்தாலும் மாறவில்லை.

முதலாவது, பெரும்பந்தல்கள் பிரிந்தன. ஆவடித் தீர்மானம் காட்டிய வழியில் காங்கிரசு மேலும் சென்று, 1959ஆம் ஆண்டு நாகபுரி மாநாட்டில் கூட்டுறவுப் பண்ணை முறையை ஆதரித்தது. அதனை எதிர்த்த இராசாசி அவ்வாண்டிலேயே சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். 1967ஆம் ஆண்டில் மக்களவையில் 44 இடம் பெற்ற அக்கட்சி, 1971ஆம் ஆண்டில் 8 இடங்களாகக் குறைந்து, 1974ஆம் ஆண்டில் வேறொரு கட்சியோடு கலந்து மறைந்தது. 1969ஆம் ஆண்டில் காங்கிரசும் இரண்டாகப் பிளந்தது. 1972ஆம் ஆண்டில் திராவிட முன்னேற்றக் கழகத்தினின்று எம்.ஜி.ஆர். பிரிந்து புதுக் கட்சி கண்டார். ஒரு வீட்டினுள் நடந்த வாதங்கள், இரு வீடுகளுக்கிடையே நடக்கும் வழக்குகளாயின.

இரண்டாவது, தேர்தல் முறை. ஒரு தொகுதியில் எவர் ஒரு வாக்கேனும் மிகுதியாகப் பெறுகின்றாரோ அவரே வென்றவர். மூன்றாமவருக்கு அளிக்கும் வாக்கு வீண் என்னும் எண்ணம் வாக்காளர் உள்ளத்தில் வேரூன்றியது. சிறு கட்சிகள் இரு பெருங்கட்சிகளுள் ஒன்றின் நிழலை நாடின. 1967ஆம் ஆண்டிலேயே, வலப்புறம் நின்ற சுதந்திராக் கட்சியும் இடப்புறம் நின்ற மார்க்சியக் கட்சியும் காங்கிரசுக்கு எதிராக ஒரே அணியில் நின்றன. கொள்கை நெருக்கத்தைவிட அணி நெருக்கமே வலிமை பெற்றது.

மூன்றாவது, நிதானமானவர்கள் அமர்ந்து பேசும் இடமும் குறைந்தது. ஆசிரியர்களும் பட்டதாரிகளும் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களையும், கலையிலும் கல்வியிலும் சிறந்த நியமன உறுப்பினர்களையும் கொண்டிருந்த தமிழ்நாடு மேலவை, 1986ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளோடு முடிவுற்றது. பின்னர் பேரவையிலும் கசப்பு மிகுந்தது. 1988ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது கைகலப்பு மூண்டு, காவலர் அவையினுள் நுழையும் அளவிற்கு நிலைமை முற்றியது.

இம்மாற்றத்தை எண்களே உரைக்கும். 1952ஆம் ஆண்டில் 375 பேருள் 62 பேர் சுயேச்சையினர். 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் 234 இடங்களில் ஓரணி 136 இடங்களையும் மற்றோரணி 98 இடங்களையும் பெற்றன; இவ்விரண்டிற்கும் வெளியே ஒருவரும் இல்லை. சுயேச்சையினர் அனைவரும் நடுநிலையாளர் என்று கொள்ளுதல் பிழை. பதவி நோக்கி இருந்தோரும் அவர்களுள் உண்டு. ஆயினும் இரு கரைகளுக்கும் இடையே ஒருவர் நிற்பதற்கேனும் அன்று இடம் இருந்தது.

அதே தேர்தலில் ஆவடித் தொகுதியில் வென்றவருக்கும் அடுத்து வந்தவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறத்தாழ 1,400 வாக்குகளே. இருவரும் தனித்தனியே ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றனர். உறுப்பினர் ஒருவர், அவரை விரும்பாதோரும் பல்லாயிரவர். அவர்களுடைய உறுப்பினரும் அவரே என்பதை அவரும் மறத்தல் ஆகாது. அவர்களும் மறத்தல் ஆகாது.

மருந்தும் அதன் வெம்மையும்

கட்சி மாறுதல் என்னும் நோய் 1967ஆம் ஆண்டிற்குப் பின் நாட்டைப் பற்றியது. ஹரியானாவில் கயாலால் என்னும் உறுப்பினர் குறுகிய காலத்தில் மும்முறை கட்சி மாறியதால், 'ஆயாராம் கயாராம்' என்னும் தொடர் நாட்டு வழக்காயிற்று. இந்நோய்க்கு மருந்தாக 1985ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 52ஆவது திருத்தம் வந்தது. பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. தம் கட்சியை விட்டு விலகுவோரும், கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்போரும் பதவி இழப்பர் என்பது அதன் சாரம். 2003ஆம் ஆண்டின் 91ஆவது திருத்தம் அதனை மேலும் இறுக்கியது.

விலைபோவோரைத் தடுத்தது இச்சட்டத்தின் நன்மை. மனச்சான்றின்படி மாறுபடுவோரையும் அதே கயிற்றால் கட்டியது அதன் குறை. 1992ஆம் ஆண்டில் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆட்சியின் உயிருக்கு இன்றியமையாத வாக்கெடுப்புகளோடு கொறடாவின் ஆணை நிற்பது நன்று என்னும் கருத்தையும் உடன் தெரிவித்தது.

இச்சட்டத்தின் வலிமையைப் பூந்தமல்லி மக்கள் நேரில் கண்டனர். 2017ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், ஆளுங்கட்சி உறுப்பினர் சிலர் முதலமைச்சருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் எழுதிக் கொடுத்தனர். செப்டம்பர் 18ஆம் நாள் அவர்களுள் 18 பேரைப் பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்தார். பூந்தமல்லி உறுப்பினரும் அவர்களுள் ஒருவர். உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் இருவர் 2018ஆம் ஆண்டு சூனில் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். மூன்றாம் நீதிபதி அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது. அதுவரை, ஏறத்தாழ 19 திங்கள், பூந்தமல்லி மக்களுக்கெனச் சட்டமன்றத்தில் எழுந்து பேச ஒருவர் இல்லை. அது கட்சியின் உட்பூசலால் விளைந்தது. நடுநிலையாளர் நடத்திய போராட்டம் அன்று. எனினும் கட்சியோடு முரணுவோர் செலுத்தும் விலை எத்துணைப் பெரிது என்பதையும், அவ்விலையில் பாதியை மக்களே செலுத்துகின்றனர் என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

பிற நாட்டின் படிப்பினை

இஃது இந்நாட்டிற்கு மட்டும் உரிய நிலை அன்று. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வழங்கிய 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டம், மேலவையில் 73 பேர் ஆதரிக்க, 27 பேர் எதிர்க்க நிறைவேறியது. ஆதரித்தோருள் சனநாயகக் கட்சியினர் 46 பேர். குடியரசுக் கட்சியினர் 27 பேர். இரு கட்சியிலும் ஆதரித்தோர் இருந்தனர். இரு கட்சியிலும் எதிர்த்தோர் இருந்தனர். 2010ஆம் ஆண்டில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கீழவையில் 219 பேர் ஆதரிக்க, 212 பேர் எதிர்க்க நிறைவேறியபோது, குடியரசுக் கட்சியினருள் ஒருவரேனும் ஆதரிக்கவில்லை. அந்நாட்டில் கட்சி மாறி வாக்களித்தாற் பதவி பறிக்கும் சட்டம் இல்லை. எனினும் நடுவிலிருந்தோர் மறைந்தனர். ஆதலின் சட்டம் மட்டுமே காரணம் அன்று. மனப்போக்கும் காரணம் என்பது தெளிவாகும்.

நம்பிக்கைக்கு இடம்

ஆயினும் தமிழ்நாட்டில் ஒரு விந்தை உண்டு. அணிகள் விலகி நின்றாலும், அவற்றின் செயல்கள் பலவற்றில் நெருங்கியே இருந்தன. 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சி பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சி அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. பின்வந்த ஆட்சி முட்டை சேர்த்தது. 2022ஆம் ஆண்டில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஒருவரையொருவர் மேடைதோறும் கடிந்து பேசிய கட்சிகள், பசித்த பிள்ளையின் தட்டில் மட்டும் ஒன்றுபட்டன. ஒருவர் வைத்த உலையை மற்றவர் இறக்கவில்லை; மேலும் அரிசி இட்டனர்.

நடுவிடம் முற்றும் அழிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று. நிலம் இருக்கின்றது, அங்கே நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் துணிவுதான் குறைந்தது. செயலில் ஒத்துச்செல்வோர் சொல்லிலும் அதனை ஒப்புக்கொள்ளலாம் அன்றோ? மாற்றுக்கட்சி கொணர்ந்தது என்பதற்காக நல்ல திட்டத்தைப் பழிப்பதும், தன் கட்சி செய்தது என்பதற்காகத் தீமையைப் புகழ்வதும் ஒழியுமாயின், அவையின் சினம் பாதி தணியும்.

இப்பண்பு சட்டமன்றத்தில் திடீரெனத் தோன்றுவதன்று. திண்ணையிலும் தெருவிலும், வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் தோன்றி வளர்வது. மாறுபட்ட கருத்தை முழுமையாகக் கேட்டு, அதன்பின் மறுப்போர் மிகுந்தால், அவர்களால் தேர்ந்தெடுக்கப்படுவோரும் அவ்வாறே இருப்பர். வாக்காளர் கைதட்டலை வசைக்கு அளித்தால், அவையிலும் வசையே விளையும்.

ஏரிக்கரையில் வாழும் ஊரார் கோடைக்காலத்திலேயே கலங்கலைச் செப்பனிடுவர். அதில் வளர்ந்த முட்செடிகளைக் களைவர். மழை தொடங்கியபின் மண்வெட்டியைத் தேடுவதில் பயன் இல்லை என்பதை அவர்கள் அறிவர். மக்களாட்சியின் கலங்கலையும் அமைதியான காலத்திலேயே காத்தல் வேண்டும்.

பயிற்சி

1. ஏரியின் கலங்கலுக்கும் சட்டமன்றத்தின் நடுநிலையாளருக்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.
2. சீனிவாச சாஸ்திரியார் 1919ஆம் ஆண்டில் செய்தது யாது? அதனால் நடுநிலை பற்றி அறியப்படுவது யாது?
3. 1952, 2016 ஆகிய ஆண்டுகளின் சட்டமன்றங்களை ஒப்பிடுக.
4. கட்சி மாறுதலைத் தடுக்கும் சட்டத்தின் நன்மை யாது? குறை யாது? பூந்தமல்லி நிகழ்ச்சியைக் கொண்டு விடை எழுதுக.
5. 'வேகமுடையோரும் வேண்டும், நிதானமுடையோரும் வேண்டும்' என்னும் பொருள் பற்றி வகுப்பில் இரு பக்கமாக நின்று சொற்போர் நிகழ்த்துக. பின்னர்ப் பக்கம் மாறி நின்று மீண்டும் பேசுக.